நர்சிங் படிப்பில் அரியர் விழுந்தால்

பி.எஸ்சி. நர்சிங்கில் ஒரு பேப்பர் நின்றுவிட்டால், அந்தச் செய்தியை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் மாணவிகள் உண்டு. சோழவரம், செங்குன்றம், பொன்னேரிப் பக்கத்தில் அரிசி ஆலைக் கூலியிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷிஃப்ட் சம்பளத்திலோ மிச்சம் பிடித்து பீஸ் கட்டிய குடும்பம் என்றால் பயம் இன்னும் கூடும். ஆனால் மறைப்பதால் வரும் நஷ்டம் பெரிது. மறுமதிப்பீட்டுக்கு வழி உண்டா, மறுதேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று கேட்டறிய வேண்டிய முதல் வாரம் அழுகையிலேயே போய்விடுகிறது.

விதிகளைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பட்டப்படிப்புக்குத் தேர்வு நடத்துவது கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். தேர்ச்சி விதிகளை வகுத்தது இந்திய நர்சிங் கவுன்சில். அதன் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி முக்கியப் பாடங்களில் தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்துக்கு 40 போதும். ஒரு பாடத்தின் தியரி, பிராக்டிக்கல் இரண்டில் ஒன்றில் தவறினாலும் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும் என்பது கடுமையான விதிதான். செமஸ்டரில் ஒரே பாடம் மட்டும் நின்றால், தியரியில் ஐந்து மதிப்பெண் வரை கருணை மதிப்பெண் தர இடமுண்டு. அரியரோடு அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போகலாம். ஆனால் முந்தைய பாடங்களை முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க எட்டு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முதல் ஆண்டு ஒரு கண்டம். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் ஒரேயடியாக ஆங்கிலத்தில் வந்து நிற்கின்றன. அதிலிருந்து தேறியவர்களும் பின்னால் விடை எழுதும் முறையில் சறுக்குகிறார்கள். நிமோனியா நோயாளியின் பராமரிப்பு பற்றிக் கேள்வி வந்தால் ஆன்டிபயாடிக் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். திருத்துபவர் தேடுவது நர்ஸின் வேலையை: சளியை வெளியேற்ற முடியவில்லை என்பதை எப்படிக் கண்டறிந்தாள், தலைப்பக்கத்தை ஏன் உயர்த்தினாள், மூச்சு எண்ணிக்கை குறைந்ததா என்று எப்போது பார்த்தாள். வார்டில் தினமும் செய்கிற வேலைதான். காரணத்தோடு எழுதத்தான் பழக்கமில்லை.

ஆகவே மறுதேர்வுக்கு அதே புத்தகத்தை அதே மாதிரி மறுபடி வாசிப்பதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதி, ஆசிரியரிடமோ சீனியர் அக்காவிடமோ திருத்தித் தரச் சொல்வது நல்லது. சொட்டுக் கணக்கையும் கையால் போட்டுப் பழக வேண்டும். 500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஐ.வி. செட் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. இதைத் தேர்வறையில் முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. வார்டு போஸ்டிங் முடித்து பஸ் பிடித்து வீடு சேரும் பெண்ணுக்கு நீண்ட நேரம் கிடைக்காது. தினமும் ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோரிடம் சொல்லும்போது எந்தப் பாடம், மறுதேர்வு எப்போது, எவ்வளவு பணம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது. தூக்கமோ சாப்பாடோ பல நாள் கெட்டாலும், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அந்த மாணவியைத் தனியே விடக் கூடாது. கல்லூரி ஆசிரியரிடமும் வீட்டிலும் உடனே சொல்ல வேண்டும். டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.