கடல் காத்தாடியின் மின்சாரம் கரையேறும் வழி

சீவலப்பேரிக்கு வடக்கே கயத்தாறு பக்கம் போனால் வரிசையாகக் காத்தாடிகள். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிவிட்டால் அவற்றுக்கு ஓய்வில்லை. அதே காத்தாடியைக் கடலில் நட்டால்? 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை இதற்கு ரூ.7,453 கோடி ஒதுக்கியது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட் என்பது திட்டம்.

டென்மார்க் 1991-லேயே விண்டபி என்ற இடத்தில் 11 காத்தாடிகளைக் கடலில் நிறுத்திவிட்டது. ஒவ்வொன்றும் 450 கிலோவாட். இன்று இங்கிலாந்தின் ஹார்ன்சீ-2 நிலையத்தில் கரையிலிருந்து சுமார் 89 கி.மீ. தள்ளி, தலா 8 மெகாவாட்டில் 165 சுழல்கின்றன. மறிக்க மரமோ கட்டடமோ இல்லாததால் கடல்காற்று சீராக வரும். ஆழம் குறைந்த இடங்களில் பெரிய இரும்புக் குழாயைக் கடல்தரையில் அடித்து இறக்கி, அதன்மேல் கோபுரம் ஏற்றுகிறார்கள்.

மின்சாரம் எடுப்பது பழகிய வேலைதான். கரைசேர்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு காத்தாடியிலும் உள்ள டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை 33 அல்லது 66 கிலோவோல்ட்டுக்கு ஏற்றும். கேபிள்கள் அதைக் கடல் நடுவே மேடைமேல் நிற்கும் துணைமின் நிலையத்தில் சேர்க்கும். அங்கே பெரும்பாலும் 220 கிலோவோல்ட்டாக உயர்ந்து கரைக்குக் கிளம்பும்.

அந்தக் கேபிளை வெட்டிப் பார்த்தால் மூன்று செம்பு அல்லது அலுமினியக் கடத்திகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தடித்த பாலித்தீன் காப்பு, நீர் புகாமல் ஈய உறை, தகவலுக்கு ஒளியிழை, எல்லாவற்றுக்கும் வெளியே இரும்புக்கம்பிக் கவசம். நங்கூரமும் இழுவலையும் படாமலிருக்க முடிந்த இடங்களில் இதைக் கடல்தரைக்குள் புதைக்கிறார்கள்.

நீளம் கூடக்கூட வேறொரு தொல்லை. மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுவதால், கேபிளின் காப்பு நொடிக்கு 100 தடவை மின்னேறி இறங்குகிறது. சீவலப்பேரி ஆற்றுத் தண்ணீரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோகும் குழாயை இப்படி நிரப்பி நிரப்பிக் காலி செய்தால் ஊருக்கு என்ன போய்ச் சேரும்? அதனால்தான் தொலைதூர நிலையங்கள் பலவும் நேர்மின்னோட்டத்துக்கு மாறுகின்றன. மாற்றும் கருவிகளின் விலை அதிகம், தூரம் கிட்டத்தட்ட 100 கி.மீ. வந்தால்தான் அது கட்டுப்படியாகும். கரையை ஒட்டி நடுகிற காத்தாடிகளுக்கு அந்தச் செலவு தேவைப்படாது.

தமிழகக் காத்தாடிகளுக்குப் பார்த்திருக்கும் மன்னார் வளைகுடாவில் சிக்கல் வேறு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் கொண்ட தேசியப் பூங்கா இருக்கிறது. மீனவர் தொழில் செய்யும் கடலும் அதுவே. கேபிள் தடம் இதையெல்லாம் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கரையேறிய பிறகும் நெரிசல் உண்டு. கடல்காற்று உச்சத்தில் இருக்கும் ஆடியில் கயத்தாறு, முப்பந்தல் காத்தாடிகளும் முழுவீச்சில் சுற்றும். மின்பாதைக்கு இடம் போதாவிட்டால் காற்று இருந்தும் காத்தாடியை நிறுத்தச் சொல்வார்கள். கடல் துணைமின் நிலையத்திலிருந்து கரைவரையிலான மின்பாதையைப் பவர்கிரிட் நிறுவனம் அமைக்கும் என்று அந்த 2024 அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.