அறுபது வயதில் சிகரெட்டை விட்டால் என்ன கிடைக்கும்?

"இத்தனை வருஷம் ஊதியாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" அறுபதைத் தொட்ட ஆண்கள் இப்படிச் சொல்வதைக் கேட்காதவர்கள் குறைவு. வீட்டில் இருப்பவர்களும் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வருடக் கணக்கிலேயே ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் கிடைக்க 50 ஆண்டுகள் ஆயின. ஆயிரக்கணக்கான டாக்டர்கள் வயதாகி, ஒவ்வொருவராக இறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

1940களில் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் மளமளவென்று பெருகியது. சாலையில் போடும் தார், மோட்டார் வண்டிப் புகை என்று பலதும் சந்தேகத்துக்கு உள்ளாயின. ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரிக்க விசாரிக்க, எல்லாத் தடயங்களும் சிகரெட்டிடம் போய் நின்றன. டாலும் சிகரெட் பிடிப்பவர்தான். ஆய்வு முடியும் முன்பே அவர் அதை விட்டுவிட்டார். புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லோடு சேர்ந்து 1950இல் முடிவை வெளியிட்டார். பலர் நம்பவில்லை. நோய் வந்து படுத்தவரிடம் பழைய பழக்கத்தைக் கேட்டால் சொல்வது சரியாக இருக்குமா என்றார்கள்.

அப்படியானால் நோய் வருவதற்கு முன்பே கேட்டுவைத்துவிட வேண்டும். 1951 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டில் இருந்த டாக்டர்களுக்கு ஒரு கடிதம் போனது. கேள்விகள் கொஞ்சம்தான்: புகைக்கிறீர்களா, எந்த வயதில் தொடங்கினீர்கள், நாளைக்கு எவ்வளவு, விட்டிருந்தால் எப்போது? டாக்டர்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம். தொழில் செய்ய வேண்டுமானால் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும், அதனால் அவர்களைத் தேடிப் பிடிப்பது எளிது. ஒருவர் இறந்தால், இறப்புச் சான்றிதழில் எழுதிய காரணம் ஆய்வாளர்களின் மேசைக்கு வந்துவிடும். அதை அவருடைய பழைய பதிலோடு சேர்த்துவைப்பார்கள். இப்படி 34,439 ஆண் டாக்டர்கள் கணக்கில் வந்தார்கள்.

1954க்குள் நுரையீரல் புற்றுநோயால் 36 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் புகைப் பழக்கமே இல்லாதவர் அல்ல. அதோடு ஆய்வை முடித்திருக்கலாம். நல்லவேளை, முடிக்கவில்லை. வருடங்கள் ஏற ஏற, சான்றிதழ்களில் மாரடைப்பும், மூச்சுக்குழாய் அடைத்து வரும் நுரையீரல் நோயும், வேறு பல புற்றுநோய்களும் வரிசையாக வந்தன. 1900க்கும் 1930க்கும் இடையில் பிறந்து, கடைசிவரை சிகரெட் பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள்.

என்னை உலுக்கிய எண் வேறு. 70 வயதை எட்டிய ஒருவர் 90ஐப் பார்க்க எவ்வளவு வாய்ப்பு? 1870களை ஒட்டிப் பிறந்தவர்களில் புகைத்தவர்களுக்கு 10 சதவீதம், புகைக்காதவர்களுக்கு 12. பெரிய வித்தியாசம் இல்லை. 1910களை ஒட்டிப் பிறந்தவர்களில் புகைக்காதவர்களுக்கு அது 33 ஆக ஏறியது. புகைத்தவர்களுக்கோ 7 ஆக இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவம் எவ்வளவோ முன்னேறி, முதியவர்களின் ஆயுளை நீட்டியிருந்தது. அந்த வரம் ஒரு சாராருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. இளம் வயதிலிருந்தே சிகரெட்டோடு வளர்ந்த தலைமுறைக்குக் கிடைத்ததை எல்லாம் சிகரெட்டே பிடுங்கிக்கொண்டது.

பின்னாளில் டாலோடு இந்தக் கணக்கைத் தொடர்ந்தவர் ரிச்சர்ட் பீட்டோ. அவர் சென்னையின் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியோடும் மற்றவர்களோடும் சேர்ந்து நம் ஊரிலும் கணக்குப் பார்த்தார். சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். இறந்தவரிடம் கேட்க முடியாதே. வீட்டுக்குப் போய், மனைவியிடமோ பிள்ளைகளிடமோ உட்கார்ந்து கேட்க வேண்டும்: என்ன உடம்புக்கு வந்தது, எத்தனை நாள் படுத்திருந்தார், பீடி உண்டா, சிகரெட் உண்டா? 2003இல் வெளியான முடிவு வேறொரு நோயைக் காட்டியது. இங்கே புகை காசநோயின் வழியாகவும் ஏராளமானவர்களைக் கொன்றது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பிரிட்டனில் இதயத்தைப் பிடித்த புகை, இங்கே பலருடைய உடம்பில் ஏற்கெனவே பதுங்கியிருக்கும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இனி, விட்டவர்களின் கணக்கு. பிரிட்டன் டாக்டர்களில் 30 வயதில் விட்டவர்கள் இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். 40இல் விட்டவர்களுக்கு 9, 50இல் விட்டவர்களுக்கு 6. அறுபதில் விட்டவர்களுக்கும் சுமார் 3 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. நுரையீரல் செல்களில் விழுந்த பழுது முழுதாக அழிவதில்லை, ஆனால் மேலும் மேலும் ஏறாமல் நின்றுவிடுகிறது. இதயம் இன்னும் வேகமாகத் தேறும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறுகிறது. ரத்தம் உறையத் துடிப்பது தணிகிறது. சில வருடங்களில் மாரடைப்பு அபாயம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

2001இல் கடைசிக் கேள்விப் பட்டியல் போனபோது, உயிரோடு இருந்த டாக்டர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அரை நூற்றாண்டுக் கணக்கு 2004 ஜூன் 26 அன்று வெளியானது. டாக்டர்கள் ஆய்வின் முதல் அறிக்கை வந்து அன்றோடு சரியாக 50 ஆண்டுகள். முப்பதுகளின் பிற்பகுதியில் சிகரெட்டை விட்ட டாலுக்கு அப்போது வயது 91.