வாசலில் ஒரு வண்டி – 11: செல்ஃப் எடுக்காத ஞாயிற்றுக்கிழமை

வடபழனியில் கார் வைத்திருப்பவர்களிடம் “கடைசியாக வண்டியை எப்போது எடுத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. சென்னையின் முதல் மெட்ரோ அதுதான். வழியில் வடபழனி ஸ்டேஷன். அதன் பிறகு இங்கே பல வீடுகளில் ஆபீஸுக்கு ரயில், கடைக்கு ஸ்கூட்டர், அவசரத்துக்கு ஆப் டாக்ஸி என்று ஆகிவிட்டது. ஆற்காடு சாலையில் அடுத்த மெட்ரோவுக்கான வேலை நடந்த வருடங்களில், கொஞ்ச நஞ்சம் கார் எடுத்தவர்களும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்கள். கார் மட்டும் வாசலில் நிற்கிறது. கல்யாணம், முகூர்த்த நாள், கிருத்திகை, ஊருக்குப் போகிற பொங்கல் என்று அதற்கென்று சில தேதிகள்.

இந்தத் தொடருக்கு வருகிற கடிதங்களில் பெரும்பகுதி இந்த வண்டிகளைப் பற்றித்தான். “30 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் பேட்டரி, டயர், பிரேக் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?” என்பதுதான் கேள்வி. ஏமாற்றுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கார் விஷயத்தில் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம்.

கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் பார்த்தது. காலை எட்டு மணி, ஞாயிறு. குடும்பம் பட்டு வேட்டி புடவையோடு படியில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார்.

“எத்தினி நாளா சார் நிக்குது?”

“போன மாசம் கல்யாணத்துக்கு எடுத்தேன்ப்பா. ஆனா தெனமும் காலைல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிடுவேனே!”

“அதுக்கு நீங்க ஸ்டார்ட் பண்ணாமலே இருந்திருக்கலாம் சார்.”

மல்ட்டிமீட்டரை டெர்மினலில் வைத்தார். 11.4 வோல்ட். நன்றாக இருக்கிற பேட்டரி, வண்டி ஓய்ந்து நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் அது பெயருக்குத்தான் பேட்டரி.

மெக்கானிக் சொன்னது கிண்டலாகத் தோன்றலாம், ஆனால் கணக்குச் சரிதான். வண்டி அணைந்திருந்தாலும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். சின்ன கார்களில் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரிதான் இருக்கும். 15 நாளில் பாதி போய்விடும். அஞ்சு நிமிஷ ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரால் இதை ஈடுகட்ட முடியாது. அதிலும் கூடவே ஏசியைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் வேறு. காலியாகவே கிடக்கிற பேட்டரிக்குள் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும்; பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. சென்னை வெயிலில் மூன்று நான்கு வருடம் வர வேண்டிய பேட்டரி இரண்டாவது வருடமே கைவிடுவது இப்படித்தான்.

ஐடிலிங்கின் தீமை பேட்டரியோடு நிற்பதில்லை. அஞ்சு நிமிஷத்தில் எஞ்சின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே கிடையாது. எரிந்ததில் உண்டாகும் நீராவி உள்ளேயே தண்ணீராகி ஆயிலோடு கலக்கும். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெளுத்த பசை ஒட்டியிருந்தால் வண்டி சரியாகச் சூடேறாமலே ஸ்டார்ட் ஆகி அணைகிறது என்று பொருள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருப்பது இதனால்தான். “ஓடவே இல்லையே, எதற்கு ஆயில்?” என்று சர்வீஸைத் தள்ளிப் போடுகிறவர்கள் அந்த ‘ஒரு வருடம்’ என்ற சொல்லை மட்டும் படிப்பதில்லை. பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மெக்கானிக் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, சும்மா ஒரு பார்வைக்கு ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே எலிக்கூடு. பழைய துணி, பஞ்சு, சாமி மாலையின் வாழைநார், ஒரு தேங்காய்ச் சில்லு. கோயில் தெரு எலி, வேறென்ன கொண்டுவரும்! ஓடுகிற வண்டியில் எலி குடித்தனம் வைக்காது. நிற்கிற வண்டியின் எஞ்சின் அறை அதற்கு ஜப்தி பயமில்லாத வீடு. ஒயரைக் கடித்தால் வாரன்ட்டியில் வராது. புகையிலைக் கட்டு, அந்துருண்டை எல்லாம் வாசனை இருக்கும்வரை வேலை செய்யும். மாதம் ஒருமுறை மாற்றத் தயார் என்றால் வையுங்கள். அதைவிட, குப்பைத் தொட்டியை ஒட்டி நிறுத்தாமல் இருப்பதும், ஏசி காற்று இழுக்கும் வாயில் கம்பி வலை அடிப்பதும், வாரம் இருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும் பலன் தரும். காரில் உட்கார்ந்து வடை சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதனால் சொல்லவில்லை.

மாலை என்றதும் இன்னொன்று. வடபழனி முருகன் சந்நிதியில் பூஜை போடாத கார் இந்த வட்டாரத்தில் குறைவு. எலுமிச்சம்பழம் நசுங்குவதால் டயருக்கு ஒன்றும் ஆகாது. பூஜை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றிவிடுங்கள். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே கறுப்பு பிளாஸ்டிக் ஜல்லடை ஒன்று இருக்கிறதே, அதற்குள் பூவிதழும் இலையும் விழுந்து தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் கால் வைக்கிற இடத்தில் இறங்கும். “கார்ப்பெட் நாறுகிறது, எங்கே ஒழுகுகிறது என்றே தெரியவில்லை” என்று வருகிற வண்டிகளில் முதலில் அந்த ஜல்லடையைத்தான் பார்க்க வேண்டும். மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

டயரில் பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதால் டயர் புதிதாகிவிடாது. ரப்பர் வெயிலில் வெடிக்கும். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போகாதீர்கள். காற்றளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கிறது; பங்க்கில் பையன் “முப்பத்தஞ்சு வைக்கட்டா சார்?” என்று கேட்பதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசமாகக் கிடைத்தால் சரி.

மழைக்காலத்தில் பல நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு விட்டால் பின் சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். சமதளமென்றால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈர வண்டிமேல் கவர் போடாதீர்கள்.

பெட்ரோலைப் பற்றியும் கேட்கிறார்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நிற்கிற வண்டிக்கு அது நல்லதல்ல. நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. ஆகவே “மைலேஜ் இறங்கிவிட்டது” என்று எல்லாப் பழியையும் மெக்கானிக் மேல் போட முடியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வைத்திருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி சூடாகித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்குவதோடு முடிகிற வாழ்க்கைக்கு டீசல் கார் வாங்கியதே வீண்.

மருந்து என்று ஒன்றைத்தான் சொல்வேன்: ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல், முடிந்தால் மாதம் ஒருமுறை ஒரு பெரிய சுற்று. வடபழனியில் இருக்கிறவர்களுக்கு வழி கண்ணெதிரிலேயே இருக்கிறது. ஞாயிறு விடியற்காலை 100 அடி சாலையில் கோயம்பேடு, அங்கிருந்து மதுரவாயல், பைபாஸ் பிடித்துப் பெருங்களத்தூர், ஜி.எஸ்.டி. ரோட்டில் கத்திப்பாரா, மறுபடி 100 அடி சாலையில் வீடு. ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நடுவில் தாம்பரத்தில் டிபன் சாப்பிட்டால் குடும்பமும் கூட வரும்.

அதற்கும் நேரமில்லை என்பவர்கள் வண்டியை விற்பதைப் பற்றி நிஜமாகவே யோசிக்கலாம். இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே நாலு வருடம் தாண்டிய காரின் மதிப்பு பாதியாகிவிடுகிறது, ஓடினாலும் ஓடாவிட்டாலும். படியிறங்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். நள்ளிரவில் ஆப் டாக்ஸிக்காரர் கேன்சல் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் நிற்கிற காருக்கு விலை கிடையாது. அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ப ப்ரீமியம் கட்டுகிற முறைக்கு 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்தது. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். கேளுங்கள்.

நிற்கிற வண்டிக்கு உண்மையான பரீட்சை வடகிழக்குப் பருவமழைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்ததைப் பார்த்தவர்கள் அடுத்த அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை, அது புத்திசாலித்தனம். ஆனால் அப்படி ஏற்றுவதற்கு முதலில் செல்ஃப் எடுக்க வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர் ஏறுகிற ராத்திரியில் பேட்டரி காலி என்று தெரிய வந்தால் எந்த மெக்கானிக்கும் வர முடியாது.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்த பிறகும், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் பல வண்டிகளில் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். ஒரு தடவை சாவியைத் திருப்பியதில் எஞ்சினையே இறக்க வேண்டியதாகிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தண்ணீர் எதுவரை நின்றது என்று போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, டோ பண்ணச் சொல்லுங்கள்.

அப்படி ஸ்டார்ட் செய்ததால் போன எஞ்சினுக்குச் சாதாரண ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ பணம் தராது. ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் இருந்தால்தான் கேட்க முடியும். பல நிறுவனங்கள் ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அதைத் தருவதில்லை. பாலிசி நடுவில் பெரும்பாலும் சேர்க்கவும் முடியாது, புதுப்பிக்கும்போதுதான். இந்த இதழைக் கீழே வைத்ததும் உங்கள் பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

(தொடரும்)