வெப்பம் காக்கும் வீடு

ஜெர்மனியில் குளிர்காலம் கடுமையானது. வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருக்க, மக்கள் எண்ணெயோ எரிவாயுவோ எரிப்பர். அவ்வெப்பமோ சுவர், கூரை, பலகணி ஆகியவற்றின் வழியே இடையறாது வெளியேறும். இஃது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

1973-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. அயல்நாட்டு எண்ணெயை நம்பியிருந்த மேற்கு ஜெர்மனி, 1977-இல் புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு விதிகளை வகுத்தது. அவ்விதிகள் 1984, 1995 ஆகிய ஆண்டுகளில் மேலும் கடுமையாக்கப்பட்டன.

இதற்குச் சட்டம் எதற்கு? வீட்டைக் கட்டுபவர் ஒருவர். அதில் குடியிருந்து எரிபொருளுக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். முன்னவர் செலவைச் சுருக்கினால், பின்னவர் பல்லாண்டுகள் துன்புறுவார். எழுந்துவிட்ட சுவரைத் திருத்துவதும் எளிதன்று.

விதி கேட்பதைவிட மிகுதியாகவும் செய்ய இயலும் என்பதை, 1991-இல் டார்ம்ஷ்டாட் நகரில் கட்டி முடிக்கப்பெற்ற நான்கு வீடுகள் காட்டின. கம்பளியின் இழைகளுக்கிடையே தங்கும் காற்று உடல் வெப்பத்தைக் காக்கிறதன்றோ? அவ்வாறே காற்றைத் தன்னுள் அடக்கிய தடித்த காப்புப்பொருள், அவ்வீடுகளின் சுவரையும் கூரையையும் போர்த்தியது. பலகணிகள் மூன்றடுக்குக் கண்ணாடி பெற்றன. சந்துகள் அடைக்கப்பட்டன. ஆயினும் உள்ளிருப்போர்க்குத் தூய காற்று வேண்டும். ஆதலின், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு அளிக்கும் கருவி ஒன்றும் அமைக்கப்பட்டது. அக்காலத்து வழக்கமான வீட்டிற்கு வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அவற்றிற்குப் போதியதாயிற்று.

வீடு ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. பின்வருவோரின் நலத்தையும் எண்ணிக் கட்டுவதே அறிவுடைமை.