சிரட்டைக் கரியில் ஒரு கண்ணாடி

இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளை டிவியில் பார்த்துவிட்டுக் கடையநல்லூர் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “ஓவியம், தோட்டம், சரித்திரம் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறதே, நம்ம பக்கம் அப்படி எதுவும் உண்டா?”

உண்டு. நாகர்கோவில் தாண்டி, தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அதுதான். இன்று நாம் பார்க்கும் வடிவில் பெரும்பகுதி மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்தது. நமக்கு அடுத்திருக்கும் செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல் இரண்டு ஊரும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆனால் அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்றொரு மாளிகை. ரஷ்யச் சக்கரவர்த்தி வருவார் என்று 1844-ல் அங்கே பிரம்மாண்டமான நீரூற்று அமைத்தார்கள். அவர் வரவே இல்லை. அந்த மாதிரி ஆடம்பரத்தை பத்மநாபபுரத்தில் தேடாதீர்கள். இங்கே முற்றம், குளம், சரிந்த ஓட்டுக்கூரை, பலா மரத்தில் இழைத்த தூண், உப்பரிகையில் சுவரோவியங்கள். எல்லாரும் அண்ணாந்தே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நான் குனிந்து பார்க்கச் சொல்வேன்.

அங்குள்ள கறுப்புத் தரையில் சன்னல் வெளிச்சம் விழுந்தால் மரக்கம்பிகளின் நிழலுருவம் அப்படியே தரைக்குள் தெரியும். கிரானைட்டும் இல்லை, பாலிஷ் மெஷினும் இல்லை. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறுகள் என்று கூட்டுப்பொருள் சொல்கிறார்கள்.

இதன் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. நீர்த்த சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நைசாக அரைத்த கரி நிறத்தையும் கொடுத்து, இண்டு இடுக்கையும் அடைக்கிறது. வெள்ளைக்கருவின் புரதம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. எங்கள் தெருவில் தறிக்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போட்டு, ஈரம் ஆறுவதற்குள் நீவிவிடுவார்கள். முந்தினால் ஒட்டும், பிந்தினால் இழை சிலும்பும். தரைக்கும் அதே பதம்தான். ஈரம் பாதி இழுத்த நிலையில் வழவழப்பான கல்லால் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். மேற்பரப்பின் நுண்துளைகள் மூடிக்கொள்ள, வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. பளபளப்பு மேலே பூசியதல்ல, தேய்ப்பில் பிறந்தது.

இவ்வளவு பெருமை பேசுகிற நாம் வீட்டில் என்ன செய்கிறோம்? நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் சுண்ணாம்புத் தரை, சுண்ணாம்புச் சுவர் உண்டு. வளைகுடாவிலிருந்து பணம் வந்ததும் முதல் அடி விழுவது அவற்றின் மேல்தான். இடிக்காத வீட்டில் கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றுகிறார்கள். சுர்ரென்று நுரைத்து எழுவது அழுக்கில்லை ஐயா, தரையே கரைகிறது! அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரைந்து, அதிலிருக்கும் கரியமில வாயு நுரையாக வெளியேறும். சுவரில் சிமென்ட் பூசுவது இன்னொரு கொடுமை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழையில் பொருக்குப் பொருக்காக உதிரும். அப்புறம் “பழைய வீடு, தாங்காது” என்று பழி வீட்டின் மேல்.

புது வீட்டுக்கு டைல்ஸ் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? பாட்டன் வீட்டில் கை வைக்குமுன் மட்டும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அந்த வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கூப்பிட்டு வேலை கொடுத்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் ஒரு கை மிஞ்சும்.