வெள்ளத்தில் வந்த மரங்கள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் குளிர்காலம் முழுக்க மரம் வெட்டுவார்கள். பனி உருகி பெனாப்ஸ்காட் ஆறு பெருகியதும், கட்டைகளை வெள்ளத்தில் விட்டு பாங்கர் நகரை ஒட்டிய மரம் அறுக்கும் மில்களுக்குக் கொண்டுபோவார்கள். கட்டையில் உரிமையாளரின் குறி வெட்டப்பட்டிருக்கும்.

ஆணி பதித்த பூட்ஸுடன், உருளும் கட்டைகள் மேலேயே நின்று அவற்றை ஓட்டியவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது! பாறையில் சிக்கிக் கட்டைகள் குவிந்துவிட்டால், அடைத்து நிற்கும் கட்டையைத் தேடிப்பிடித்து நெம்ப வேண்டும். அது விடுபட்டதும் மொத்தக் குவியலும் சரியும்; உடனே கரைக்கு ஓட வேண்டும். அந்த உறைநீரில் உயிர்விட்டவர்கள் பலர்.

1850களில் ஜோசப் பீவி என்ற மெய்ன் மாநிலக் கொல்லர், இந்த வேலைக்கென்றே கொக்கியும் கூர்முனையும் உள்ள நெம்புகோல் ஒன்றைச் செய்தார். மரத்தொழிலாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.