இடுப்பு வலிக்கு 'டென்ஸ்' கருவி.. உண்மையிலேயே வலி குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

நாள்பட்ட இடுப்பு வலியால் அவதிப்படும் பலர் ஆன்லைனில் தேடும் பொருள் 'டென்ஸ்' கருவி. கைக்கு அடக்கமான பெட்டி, ஒயர், தோலில் ஒட்டும் பேட்.. அவ்வளவுதான். ஆன் செய்தால் சுருசுருவென இருக்கும், வலி குறைந்த மாதிரியும் தெரியும். ஆனால், வலியைக் குறைத்தது அந்தக் கருவிதானா?

எப்படி வேலை செய்கிறது?

தோல் வழியாக லேசான மின்சாரத்தைச் செலுத்தி நரம்புகளைத் தூண்டுவதே டென்ஸ். தொடு உணர்வு சிக்னல்கள் அதிகமானால், வலி சிக்னல் மூளைக்குப் போகாமல் தண்டுவடத்திலேயே தடுக்கப்படும் என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் விளக்கினர். இடித்துக்கொண்ட இடத்தை உடனே தேய்த்து விடுகிறோமே, அதே கணக்குதான்.

டம்மி கருவி எதற்கு?

இடுப்பு வலி தானாகவே கூடும், குறையும். சிகிச்சை எடுக்கிறோம் என்ற நம்பிக்கையும் வலியைக் கொஞ்சம் குறைக்கும். இதைப் பிரித்துப் பார்க்கத்தான், பாதிப் பேருக்கு கரண்ட் வராத டம்மி கருவியைக் கொடுத்து சோதிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 145 பேரிடம் இப்படி நடந்த ஆய்வு, 1990-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. வலியில் முன்னேற்றம், அசல் கருவியில் 47 சதவீதம். டம்மியில் 42 சதவீதம்! இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

அப்போ வாங்கலாமா?

இடுப்பு வலிக்கு டென்ஸ் வேண்டாம் என்று 2016-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு கூறியது. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஆதாரங்கள் வலுவாக இல்லை என்பதே காரணம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது: பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், புண் உள்ள இடம், மரத்துப்போன இடம் ஆகியவற்றில் பேட் ஒட்டக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு என்னதான் வழி?

அதே 1990 ஆய்வில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஒரே மாதத்தில் வலி குறைந்தது. ஆனால், அடுத்த 2 மாதங்களில் பெரும்பாலானோர் பயிற்சியை நிறுத்திவிட, கிடைத்த பலனும் போய்விட்டது. ஆக, கருவிக்குச் செலவழிக்கும் முன், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை விடாமல் செய்து பார்ப்பதே நல்லது.